காற்றுப் போன சைக்கிள்

அன்புள்ள அக்கா,

நெதர்லாந்தை ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த காலத்தில், 14 வயதில் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்த ஃப்ரெடி ஓவர்ஸ்டீகனைப் பற்றிப் படித்தேன். சைக்கிளில் போய்ச் சுட்டுவிட்டு வந்திருக்கிறார். என்ன கெத்து! அந்த வயதில் நாங்கள் போன் நோண்டிக்கொண்டிருந்தோம். இந்தத் துணிச்சலுக்கு வளர்ப்புக் காரணமா, காலம் காரணமா?

— உவர்மலையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

போன் நோண்டியதெல்லாம் ஒரு குற்றமா, அதை விடும். வளர்ப்பா காலமா என்பதற்குப் பிறகு வருகிறேன். "கெத்து" என்று எழுதினீரே, அதுதான் இரண்டு நாளாக என்னைக் குடைகிறது.

அந்தப் பிள்ளை ஒளித்து ஒளித்துப் பத்திரிகை விநியோகித்ததும், யூதக் குழந்தைகளை மறைவிடங்களுக்குக் கூட்டிப்போனதும் உம் கண்ணில் படவில்லை. துப்பாக்கி மட்டும் பட்டுவிட்டது. சுடப்பட்டு விழுபவரைத் தூக்கிவிடத்தான் மனம் வரும் என்று முதுமையில் சொன்னவர் அவர். கூட இருந்த ஹானி ஷாஃப்டை 1945 ஏப்ரல் 17 அன்று மணல்மேட்டில் வைத்துக் கொன்றார்கள். வயது 24. நாடு விடுதலையாக மூன்று கிழமைகூட இருக்கவில்லை. கெத்தாம்!

எனக்கு அந்தக் கதையில் ஹார்லெம் நகரத்து வீட்டு வாசலைத் தாண்டிப் போக முடிவதில்லை. ஃப்ரெடியையும் அக்கா ட்ரூஸையும் சேர்க்க வந்த ஆள் முதலில் தாயிடம் கேட்டார். தாய் ஓம் என்றார். 14 வயதுப் பிள்ளையைக் கேட்டதே பிழை என்றுதான் நான் சொல்வேன், ஆனாலும் கேட்டார்களே. யுத்த காலத்தில் எங்கள் திருகோணமலையில் எந்தத் தாயின் வாசலில் யார் வந்து கேட்டது? பின்னேரம் டியூஷனுக்குப் போன பிள்ளை இரவாகியும் வரவில்லை என்றால், தானாகப் போனானா, பிடித்துக்கொண்டு போனார்களா, எந்தப் பக்கம் என்று அம்மாமார் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பெயர் சொல்லி இங்கே சண்டை தொடக்க நான் தயாரில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என் அண்ணாவுக்கு அப்போது 15. டொக்யார்ட் வீதிச் சென்றியில், அதுதான் சோதனைச் சாவடியில், "இறங்கி உருட்டு" என்று கத்துவார்கள். அவனுக்கு அது பொறுக்காது. அதனால் திருப்பத்துக்கு முதலே ஒரு மதிலடியில் நின்று தன் லுமாலா சைக்கிளின் முன்சில்லுக் காற்றைத் திறந்து விட்டுவிடுவான். காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வருபவனை இறங்கு என்று யார் சொல்வது? அப்புறம் மிச்ச வழி முழுக்க உருட்டிக்கொண்டேதான் டியூஷனுக்குப் போவான், வியர்த்து வழிய, ஏதோ ராசா மாதிரி.

அம்மா கண்டுபிடித்த அன்று அயல் முழுக்கக் கேட்கப் பேசினார். "அவங்களுக்கு விளங்கினா உன்னை விடுவாங்களாடா, அறிவு கெட்டவனே." இரவுச் சாப்பாடும் அவனுக்குக் கோபத்தோடுதான் விழுந்தது.

அடுத்த நாள் எங்கள் வீட்டுப் பம்ப்பைக் காணவில்லை. சென்றிக்கு அங்கால் இருந்த பெரியம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றது. விடியவே அம்மா நடந்து கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.