ஞானப் பல் எடுத்தால் உதடு மரத்தே போய்விடுமா?

வயது 23, கீழ் ஞானப் பல் படுத்தவாக்கில் முளைத்திருக்கிறது, எடுத்தால் உதடு மரத்துவிடும் என்று தோழி சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை என்கிறீர்கள். முதலில், வயது உங்கள் பக்கம். போகப் போக வேர் முழுசாக வளர்ந்து எலும்பும் இறுகிவிடும். நான் பல் எடுக்கப் போனது நாற்பதுக்கு மேல், கூடவே சர்க்கரை.

தோழி சொன்னது பொய்யில்லை. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு தாடை எலும்புக்குள்தான் ஓடுகிறது. வேர் அதை ஒட்டியிருந்தால் ஆபத்து கூடும். மொத்தத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் அப்படித் தெரிந்தால், முப்பரிமாணமாகக் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுப்பார்கள். ரொம்ப நெருக்கம் என்றால் வேரை விட்டுவிட்டு மேல்பாகத்தை மட்டும் வெட்டி எடுப்பதும் உண்டு. மரத்தாலும் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், அபூர்வமாகத்தான் நிரந்தரம்.

என் உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வந்தது டிரை சாக்கெட். குழியில் உறைந்த ரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரிவது. வீக்கம் வடிகிறதே என்று ரசம் சாதத்தைப் பிசைந்து உட்கார்ந்தேன், காது வரை இழுத்தது வலி. மாத்திரை எடுபடவில்லை. டாக்டர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் மருந்து தோய்த்த திரியைத் திணித்தார். அன்று முழுக்க வாயில் பிரியாணி வாசம், வயிற்றில் கஞ்சி.

"சிகரெட் பிடிச்சிருப்பீங்க மாப்ளே" என்றார் மச்சான். நான் தொட்டதே இல்லை. சிகரெட், கருத்தடை மாத்திரை, ரொம்ப ஆழத்தில் புதைந்த பல், இதெல்லாம் வாய்ப்பைக் கூட்டும்தான். ஆனால் எதுவும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. டாக்டரைக் குறை சொல்கிறேன் என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள், அவர் முன்னாடியே எல்லாம் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

என் கோபம் இன்சூரன்ஸ்காரர்கள் மேல். வருஷா வருஷம் பிரீமியம் வாங்குகிறார்கள். பில்லை அனுப்பினால், விபத்தில் உடைந்த பல்லுக்குத்தான் பணமாம். பல் என்ன உடம்பில் வாடகைக்கா இருக்கிறது?

சரி, செலவு யோசனை என்றால் சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதும் சாப்பிட்டால் அங்கே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.