வாசகர் கேள்வி பதில்: விர்ச்சுவல் மெஷின் அனுப்பும் வேகம்

கேள்வி: கேவிஎம் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் வசதி) உள்ள ஹோஸ்ட் கணினியில் 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு. ஹோஸ்டிலிருந்து ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவியை ஓட்டினால் 9 கிகாபிட்டுக்கு மேல் வருகிறது. அதில் ஓடும் லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினிலிருந்து அனுப்பினால் 1 கிகாபிட்டைத் தொடுவதே பெரும்பாடு. மெஷினுக்குக் கொடுத்திருக்கும் கார்டு மாடல் இ1000. எங்கே பார்ப்பது?

பதில்: மாடலிலிருந்தே தொடங்குங்கள். இ1000 என்பது இன்டெலின் பழைய கார்டைப் போல க்யூஇஎம்யு (விர்ச்சுவல் மெஷினுக்கான வன்பொருளைப் பாவனை செய்யும் மென்பொருள்) போடும் வேடம். பாக்கெட்டை அனுப்பச் சொல்லி கெஸ்ட்டின் (விர்ச்சுவல் மெஷினின்) டிரைவர் ரிஜிஸ்டரில் எழுதும்போதெல்லாம், சிபியு கெஸ்ட்டை நிறுத்திவிட்டு ஹோஸ்டுக்குத் தாவுகிறது. நேரம் போவது அந்தத் தாவலில்தான். கார்டு காட்டும் 1 கிகாபிட் என்ற எண் வேகத்தடை அல்ல.

மெஷினை அணைத்து, வெர்ஷ் எடிட் கட்டளையில் மாடல் டைப்பை விர்ட்டியோ என்று மாற்றுங்கள். இன்டர்ஃபேஸ் பெயர் மாறிவிடக்கூடும் என்பதால் கன்சோல் வழி தயாராக இருக்கட்டும். விர்ட்டியோவில் பாக்கெட்டுகள் பகிர்ந்த நினைவகத்தில் வரிசையாக வைக்கப்படுகின்றன. ஹோஸ்ட் ஏற்கெனவே அந்த வரிசையைக் காலி செய்துகொண்டிருந்தால், கெஸ்ட் அதைத் தட்டி எழுப்பத் தேவையில்லை.

ஹோஸ்டில் விஹோஸ்ட்-நெட் மாட்யூல் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் க்யூஇஎம்யு வழியாகச் சுற்றிப்போகாமல் கர்னலே பாக்கெட்டை வெளியே தள்ளும்.

பலர் கவனிக்காமல் விடுவது டிஎஸ்ஓ, அதாவது டிசிபி டேட்டாவை நறுக்கும் வேலையைக் கீழே விட்டுவிடும் வசதி. இது இயங்கினால் கெஸ்ட் 64 கேபி வரையிலான டிசிபி டேட்டாவை ஒரே துண்டாகக் கொடுத்துவிடும். 1500 பைட் எம்டியூவுக்கு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) ஏற்ப அதை நறுக்குவது கீழே நடக்கும். அணைந்திருந்தால் அதே டேட்டா சுமார் 45 பாக்கெட்டுகளாக ஒவ்வொன்றாக வரிசை ஏறும். எப்போதோ ஒரு சிக்கலுக்காக யாரோ அணைத்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். கெஸ்ட்டில் ஈத்டூல் கட்டளையின் சிறிய கே தெரிவு நிலையைக் காட்டும், பெரிய கே தெரிவால் மாற்றலாம். செக்சம் ஆஃப்லோடு (பிழை கண்டறியும் எண்ணைக் கணக்கிடுவதையும் கீழே விடுவது) அணைந்திருந்தால் டிஎஸ்ஓவும் சேர்ந்தே அணைந்துவிடும், எனவே முதலில் அதைச் சரிபாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், ஹோஸ்டில் டாப் கட்டளையைத் திரெட் வாரியாகப் பார்க்கும்போது ஒரு விஹோஸ்ட் திரெட் 100 சதவீதத்தில் நின்றால், மல்டிக்யூவுக்கு (ஒன்றுக்குப் பதில் பல வரிசைகள்) போகலாம். மெஷினுக்கு 4 விசிபியு (விர்ச்சுவல் சிபியு) என்றால், இன்டர்ஃபேஸின் டிரைவர் வரியில் க்யூஸ் 4 என்று கொடுங்கள். ஈத்டூலின் பெரிய எல் தெரிவு அதைக் கெஸ்ட்டில் இயக்கும். ஒரே ஒரு டிசிபி இணைப்பை வைத்துச் சோதித்துவிட்டு பயனில்லை என்று முடிவுகட்டாதீர்கள்: ஓர் இணைப்பு பெரும்பாலும் ஒரு க்யூவிலேயே ஓடும். பல இணைப்புகள் வைத்து அளந்து பாருங்கள்.

கேள்வி: கெஸ்ட்டில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டினால் 1500 பைட்டைவிடப் பல மடங்கு பெரிய பாக்கெட்டுகள் தெரிகின்றன, செக்சம் தவறு என்றும் வருகிறது. கோளாறா?

பதில்: இல்லை. நறுக்குவதற்கும் செக்சம் நிரப்புவதற்கும் முன்பே டிசிபிடம்ப் அவற்றைப் பிடித்துவிடுகிறது. வந்து சேரும் கணினியில் பிடித்துப் பார்த்தாலும் தவறு என்றே காட்டினால் மட்டும் தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: விர்ட்டியோ, டிஎஸ்ஓ எல்லாம் இருந்தும் சிறிய யுடிபி பாக்கெட்டுகள் மந்தமாகவே போகின்றன.

பதில்: டிஎஸ்ஓ டிசிபிக்கு மட்டும்தான். செலவு பைட்டுக்கல்ல, பாக்கெட்டுக்கு. யுடிபியில் அது முழுதாகத் தெரியும். ஒரே பெறுநருக்குத் தொடர்ந்து அனுப்பும் நிரலென்றால், லினக்ஸ் 4.18 முதல் உள்ள யுடிபி ஜிஎஸ்ஓவைப் (பல பாக்கெட்டுகளை ஒரே துண்டாகக் கொடுத்து, பிறகு நறுக்க விடும் வசதி) பயன்படுத்தச் சொல்லுங்கள். அதுவும் போதாவிட்டால் எஸ்ஆர்-ஐஓவி வழியாகக் கார்டின் ஒரு பகுதியை நேரடியாகக் கெஸ்ட்டுக்கே கொடுத்துவிடலாம். ஆனால் ஓடும் மெஷினை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது அப்போது எளிதாக இருக்காது.