டீச்சரைக் கேளுங்கள்: இரண்டு பல்பில் எது அதிகமாக எரியும்?

(முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்திவிட்டு, இப்போது கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓய்வில் இருக்கும் டீச்சர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நான் பி.எட். இரண்டாம் ஆண்டு, பிசிகல் சயின்ஸ். அடுத்த மாதம் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குப் போகிறேன். கல்லூரித் தேர்வில் ‘டிபேக்’ (பாடம், கற்பித்தல், கருவி மூன்றும் கலந்த ஆசிரியர் அறிவு) பற்றிய கேள்விக்கு மூன்று வட்டம் வரைந்து முழு மார்க் வாங்கினேன். ஆனால் ஒரு புரொஜக்டரை என் கையால் ஆன் செய்தது ஒரே ஒருமுறைதான், அதுவும் மாதிரி வகுப்பில். மின்சுற்றுப் பாடத்துக்கு 24 ஸ்லைடு போட்டேன். பார்க்க வந்த பேராசிரியர் நன்றாக இருந்தது என்றார். பிள்ளைகளில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நான் எங்கே கோட்டைவிட்டேன்? — வாசகி, அரூர்.

பதில்: கண்ணு, அந்த 24 ஸ்லைடையும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் புத்தகத்தில் இருக்கிற வரிகள்தானே? புத்தகத்தைச் சுவரில் பெரிதாக ஒட்டி, வரிவரியாகப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகள் எதற்கு வாயைத் திறப்பார்கள்? நீங்கள் அவர்களிடம் எதையும் கேட்கவில்லையே.

அந்த மூன்று வட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பாடம் தெரிவது ஒன்று, சொல்லித்தரத் தெரிவது ஒன்று, இரண்டும் கலக்கிற இடத்தில் ஆசிரியருக்கென்றே தனியாக ஓர் அறிவு இருக்கிறது என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-ல் எழுதினார். 2006-ல் புன்யா மிஸ்ராவும் மாத்யூ கோலரும் கருவி என்ற மூன்றாவது வட்டத்தைச் சேர்த்தார்கள். பரீட்சைக்கு இது போதும். வகுப்பில் அது எப்படி வரும் என்பதற்கு உங்கள் மின்சுற்றையே எடுத்துக்கொள்வோம். நான் பல வருஷம் நடத்திய பாடம், அதில் நிறைய அடி வாங்கியும் இருக்கிறேன்.

மூன்று டார்ச் செல், ஒரே மாதிரி இரண்டு பல்பு, கொஞ்சம் ஒயர். தொடரிணைப்பில் மாட்டுகிறோம். கடைசி ஒயரைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, “இந்த ரெண்டு பல்பில் எது அதிகமாக எரியும்?” என்று கேட்பேன். வகுப்பில் முக்கால்வாசி, செல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற பல்பு என்று கை தூக்கும். காரணமும் சொல்வார்கள்: “மொதல் பல்பு கரன்ட்டக் குடிச்சுருங்க டீச்சர், மிச்சம் இருக்கிறதுதானுங்க அடுத்ததுக்குப் போகும்.” நம் ஊர் வாய்க்கால் பாசனம் அப்படித்தானே. தலைமடைக்காரர் எடுத்ததுபோக மிச்சம்தானே கடைமடைக்கு. பிள்ளைகள் கண்ணால் பார்த்த கணக்கை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

சரி, ஒயரைத் தொட்டுக் காட்டினால் பல்பு உண்மையைச் சொல்லிவிடும் என்றுதான் நினைப்போம். அங்கேதான் ஒரு வருஷம் மாட்டினேன். ஒரே பெட்டியில் வாங்கிய பல்புகள்கூட அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. செல்லுக்குப் பக்கத்தில் இருந்த பல்பு கொஞ்சம் கூடுதலாகவே எரிந்துவிட்டது. வகுப்பே கைதட்டியது. புத்தகம் தோற்றது, நானும் தோற்றேன். அன்று இரவெல்லாம் யோசித்து, மறுநாள் இரண்டு பல்பையும் இடம் மாற்றி மாட்டினேன். அதே பல்பு, இப்போது செல்லுக்குத் தூரத்தில் இருந்துகொண்டு, அப்போதும் கூடுதலாகவே எரிந்தது. “அப்போ இடம் காரணமில்லீங்களா?” என்று ஒரு பையன் மெல்லக் கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு 24 ஸ்லைடுக்குச் சமம்.

இனிமேல்தான் கம்ப்யூட்டருக்கு வேலை. பல்பு எரிவது தெரியும், ஒயருக்குள் என்ன ஓடுகிறது என்பது என்ன செய்தாலும் தெரியாது. ‘பெட்’ (PhET) என்று ஒரு இணையதளம் இருக்கிறது. 2001-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய கார்ல் வீமன், அதற்கு அடுத்த வருஷம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம். அதில் மின்சுற்று கட்டுகிற பகுதி ஒன்று உண்டு. செல், பல்பு, ஒயரை இழுத்து மாட்டினால் உள்ளே நீல உருண்டைகளாக எலக்ட்ரான் ஊர்ந்து போகும். முதல் பல்புக்கு முன்னாலும் அதே வேகம், பின்னாலும் அதே வேகம், ஒன்றுகூட குறைவதில்லை. வேலை பார்த்த கடைசி இரண்டு வருஷம் இதைக் காட்டினேன். “யாரும் குடிக்கலீங்க டீச்சர்” என்று முன் பெஞ்சுப் பெண் சொன்னாள்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கேள்வி, அப்புறம் கையில் பல்பு, கடைசியில் திரை. திரையில் தொடங்கியிருந்தால் அது இன்னொரு கார்ட்டூன். திரையும் ஒன்றிரண்டு பொய் சொல்லும், அதற்கும் தயாராக இருங்கள். அந்த உருண்டைகள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து எலக்ட்ரான் பஸ் மாதிரி பறக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். செப்புக் கம்பியில் அது நகர்வது நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்னொன்று பொய்யில்லை, குழப்பம்: புத்தகத்தில் மின்னோட்டம் நேர்முனையிலிருந்து கிளம்பும், திரையில் எலக்ட்ரான் எதிர்முனையிலிருந்து கிளம்பும். ‘திசை மாறியிருக்குதே’ என்று ஒரு வாண்டு கட்டாயம் கேட்கும். கேட்கவில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் 24-ல் நான்கை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் கைப்பழக்கம். பயிற்சிப் பள்ளிக்கு முதல் வாரமே ஒரு மாலை நேரத்தில் போய், உதவியாளரிடம் சாவி வாங்கி, வகுப்பறையில் தனியாக நின்று பாருங்கள். பிளக் பாயின்ட் எந்த மூலையில்? பெரும்பாலும் உங்களுக்கு வேண்டிய மூலையில் இருக்காது, ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பையில் இருக்கட்டும். ஜன்னலுக்குக் கதவு உண்டா? காலை பத்து மணி வெயிலில் புரொஜக்டர் படம் கழுவித் துடைத்ததுபோல் வெளுத்துப்போகும். நான் அம்மாவின் பழைய கறுப்புப் புடவை ஒன்றை ஆணியில் மாட்டியே ஓட்டினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் எழுத்தை நீங்களே படித்துப் பாருங்கள். போனைப் புரொஜக்டரோடு இணைத்துவிடலாம் என்று நம்பி லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், விலை குறைந்த பல போன்களில் ஒயர் வழியாகப் படமே வெளியே வராது. பள்ளியில் நெட் இருக்கிறதா என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். பெட் பகுதியை வீட்டிலேயே இறக்கி லேப்டாப்பில் வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாமல் ஓடும். பாடப்புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் கட்டத்தை தீக்ஷா செயலியில் காட்டினால் வருகிற வீடியோவும் அப்படித்தான், முதல் நாள் ராத்திரியே இறக்கிவிடலாம்.

எழுத்துரு விஷயத்தில் மட்டும் என் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2008 வாக்கில், பக்கத்து ஊர்ப் பள்ளியில் நாற்பது ஆசிரியர்கள் முன்னால் மாதிரி வகுப்பு. வீட்டில் பாமினி என்ற எழுத்துருவில் அழகாக அடித்து, பென் டிரைவில் எடுத்துப் போனேன். அங்கே இருந்த கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று இங்கிலீஷ் எழுத்து நின்றது. மொத்தம் பதினெட்டு ஸ்லைடும் இதே அழகு. கணக்கு வாத்தியார் ஒருவர் அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். சாக்பீஸ் வாங்கிக்கொண்டுதான் தப்பித்தேன். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில்தான் எப்போதும் அடியுங்கள், பி.டி.எஃப். பிரதி ஒன்றும் கூடவே இருக்கட்டும்.

கரன்ட் போனால்? டார்ச் செல் இருக்கிறதே.

கேள்வி: நானும் பி.எட். மாணவன்தான். ஏ.ஐ.-யிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பாடக்குறிப்பு எழுதித் தருகிறது. எங்கள் வகுப்பில் எல்லோரும் அதில்தான் எழுதுகிறோம். தப்பா? — பெயர் வேண்டாம், பெருந்துறை.

பதில்: சீனியரின் ரெக்கார்டை இரவல் வாங்கி, தேதியை மட்டும் மாற்றி எழுதிய தலைமுறை நாங்கள். உங்களுக்கு ஒழுக்கப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் சோம்பேறித்தனத்திலும் ஒரு விவரம் வேண்டும். போன வாரம் பேரனின் போனில் நானே கேட்டுப் பார்த்தேன்: ஏழாம் வகுப்பு, மின்சுற்று, 45 நிமிடம். மளமளவென்று வந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. பென்சிலை எடுத்து நேரத்தைக் கூட்டினேன், 58 நிமிடம் வந்தது. குழுவுக்கு ஒரு மல்டிமீட்டர் கொடு என்றது. எட்டு குழுவுக்கு எட்டு மல்டிமீட்டர், எங்கே போவது? ‘சமாந்தரச் சுற்று’ என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. அழகான சொல், இலங்கைப் பாடநூல்களில் இருக்கிற சொல். நம் புத்தகத்தில் அது ‘பக்க இணைப்பு’. நீங்கள் அப்படியே போர்டில் எழுதிப்போட்டால், பரீட்சையில் பக்க இணைப்பு என்று பார்க்கிற பிள்ளை இது வேறு ஏதோ பாடம் என்று விட்டுவிடும்.

முதல் குறிப்பை நீங்களே எழுதுங்கள், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் அதனிடம், ‘இந்தப் பாடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்னென்ன தப்பாக நினைப்பார்கள்?’ என்று கேளுங்கள். நான் கேட்டபோது, ‘முதல் பல்பு கரன்ட்டைச் செலவழித்துவிடும்’ என்பதை முதலாவதாகச் சொன்னது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள நாலைந்து வருஷம் ஆயிற்று. இந்த ஒரு விஷயத்தில் அதன்மேல் எனக்குப் பொறாமை உண்டு.

பிள்ளைகளின் பெயரையும் மார்க்கையும் அதில் போட்டு ‘இவனை எப்படித் தேற்றுவது’ என்று கேட்காதீர்கள். அது வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: எனக்கு 54 வயது, பட்டதாரி ஆசிரியை. பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது, ஸ்மார்ட் போர்டும் வந்துவிட்டது. எமிஸில் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதிகிற அரசுத் தளம்) பதிவு போடுவதற்குள்ளேயே மூச்சு முட்டுகிறது. பயிற்சிக்கு வருகிற பி.எட். பிள்ளைகள் எல்லாவற்றையும் தட்டித் தட்டிச் செய்கிறார்கள். அவர்கள் முன்னால் தடுமாற வெட்கமாக இருக்கிறது. — ஆசிரியை, சங்ககிரி.

பதில்: எமிஸைத் தனியாக வையுங்கள் அம்மணி. அது கணக்கெழுதுகிற வேலை, அதில் மூச்சு முட்டாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. அந்த எரிச்சலை ஸ்மார்ட் போர்டின் மேல் காட்ட வேண்டாம்.

பொருள் வருவதும் தூசி படிவதும் நமக்குப் புதிதில்லை. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை விட்டார்கள். நான் இருந்த ஒரு பள்ளிக்கும் டிஷ் வந்தது. சில மாதம் பார்த்தோம், அப்புறம் ரிப்பேர், அப்புறம் அதில் காக்கை கூடு. ஓட்டத் தெரிந்த ஒரே ஆசிரியர் மாற்றலாகிப் போனதுதான் காரணம்.

உங்களிடம் வந்திருக்கிற பயிற்சி மாணவர்களை விட்டுவிடாதீர்கள். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளை எந்த வரியில் தடுக்கி விழும் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஒரு பீரியட் அவர் போர்டை இயக்கட்டும், நீங்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முன்னால் “இதை எப்படிப்பா திறக்கிறது?” என்று நீங்கள் கேட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. என் வகுப்பில் ஸ்பீக்கரைச் சரிசெய்து தந்தவன் மூன்று பாடத்தில் ஃபெயிலாகிக்கொண்டிருந்த பையன். அதற்கப்புறம் அவன் லீவே போடவில்லை.

கேள்வி: பயிற்சி வகுப்பில் பிள்ளைகள் ஸ்மார்ட் போர்டில் எழுதுவதை ரீல்ஸ் எடுத்துப் போட்டேன். நிறைய லைக். வழிகாட்டி ஆசிரியர் அழிக்கச் சொல்லிவிட்டார். பொறாமையா? — வாசகர், நாமக்கல்.

பதில்: அவர் சொன்னதுதான் சரி. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர் எல்லோரையும் குழந்தை என்றுதான் வைத்திருக்கிறது, அவர்கள் விவரத்தைக் கையாள பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் கிடக்கட்டும். போர்டில் தப்பாக எழுதித் தலையைச் சொறிகிற பிள்ளையின் முகத்தை ஊரே பார்க்கிறது. உங்கள் முதல் மாதிரி வகுப்பை யாராவது அப்படிப் போட்டிருந்தால்? ரெக்கார்டுக்குப் படம் வேண்டுமென்றால் போர்டை எடுங்கள், கைகளை எடுங்கள், முதுகுப் பக்கமாக எடுங்கள்.

கேள்வி: வீட்டுப்பாடத்தை வாட்ஸாப் குழுவில் அனுப்பினால் பாதிப்பேர் செய்வதில்லை. என்ன செய்யலாம்? — பயிற்சி ஆசிரியை, அந்தியூர்.

பதில்: ஒரு வாரம் அந்தப் பாதிப்பேரிடம் போன் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் விசாரியுங்கள். என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா லாரி ஓட்டுநர். வீட்டின் ஒரே போன் அவரோடு நாசிக் வரைக்கும் போய்விட்டு, பத்து நாள் கழித்துத்தான் வரும். அவளுக்குப் பத்து நாள் வீட்டுப்பாடமும் ஒரே ராத்திரியில் வந்து விழும். அதற்கப்புறம் நான் பெல் அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே போர்டில் எழுதிவிடுவேன். குழுவில் போடுவது லீவு போட்டவர்களுக்கு மட்டும்.