பழைய டிரெய்லரின் அலுமினியப் பட்டை: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1961ஆம் ஆண்டு ஷாஸ்டா டிரெய்லர் (காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீடு) ஒன்றை வாங்கியிருக்கிறோம். பெயின்ட் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மூலைகளைச் சுற்றி ஓடும் அலுமினியப் பட்டைகளையும் ஜன்னல் சட்டங்களையும் பளபளப்பாக்கலாம் என்று கடையில் விற்கும் அலுமினிய பாலிஷ் வாங்கினோம். மூலைப் பட்டையில் தேய்த்ததும் துணி கருப்பாகி, கொஞ்சம் பளபளப்பும் வந்தது. ஜன்னல் சட்டத்தில் கை வலிக்கத் தேய்த்தும் துணி வெள்ளையாகவே இருக்கிறது, பளபளப்பும் இல்லை. பாலிஷ் சரியில்லையா?
– வாசகி, சான் ஆன்டோனியோ, டெக்சஸ்

பதில்: பாலிஷ் சரியாகத்தான் இருக்கிறது. துணியில் வந்த கருப்பைப் பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. பூச்சு எதுவும் இல்லாத அலுமினியத்தைத் தேய்த்தால் மிக நுண்ணிய உலோகத்தூள் உதிரும், அது துணியில் கருப்பாகத் தெரியும். துணி வெள்ளையாகவே இருந்தால் நீங்கள் உலோகத்தைத் தொடவே இல்லை என்று அர்த்தம். ஜன்னல் சட்டத்தின் மேல் ஒன்று அனோடைஸ் செய்த படலம் இருக்கிறது, இல்லாவிட்டால் லாக்கர் மாதிரி ஒரு தெளிவான பூச்சு இருக்கிறது. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, வெளியே தெரியாத ஒரு மூலையில் பெயின்ட் ரிமூவரைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். லாக்கர் என்றால் இளகித் துணியோடு வந்துவிடும், அனோடைஸ் என்றால் அசையாது. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் மின்சாரம் பாய்கிறதா என்றும் பார்க்கலாம். வெறும் அலுமினியத்தில் பாயும், இந்த இரண்டு பூச்சின் மேலும் பாயாது.

அனோடைஸ் என்றால் அந்தச் சட்டங்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். காற்று பட்டதும் அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு ஆக்சைடு படலம் உண்டாகும், அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். அதே ஆக்சைடை அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்திப் பல மைக்ரான் தடிமனுக்கு வளர்ப்பதுதான் அனோடைஸ். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் மணலும் பல நேரம் இந்த அலுமினிய ஆக்சைடுதான், அதனால் துணியும் பாலிஷும் கொண்டு அதை அசைக்க முடியாது. சுரண்டி எடுத்தால் அறுபது வருடமாகச் சட்டத்தைக் காத்துவந்த ஒரு பாதுகாப்பை நீங்களே கழற்றி எறிகிறீர்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தாலே போதும். பளிச்சென்ற பட்டைக்குப் பக்கத்தில் மங்கலான ஜன்னல் சட்டம் இருப்பது கண்ணுக்கு நன்றாகவே இருக்கும்.

இப்போது மூலைப் பட்டைகள். நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் விட இது முக்கியம். அந்தப் பட்டைகளைக் கழற்றாமல் பாலிஷ் போடாதீர்கள். அவை அலங்காரத்துக்கு மட்டும் வைத்தவை அல்ல. பக்கத் தகடும் கூரைத் தகடும் சேரும் இடத்தை மூடி, மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. தண்ணீரை நிறுத்துவது பட்டைக்கு அடியில் வைத்த புட்டி. அந்தக் காலத்துப் புட்டி இதற்குள் காய்ந்து, வெடித்து, அப்பளமாக நொறுங்கும் நிலையில் இருக்கும். உள்ளே இருப்பது மரச்சட்டம். தண்ணீர் புகுந்தால் வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே மரம் இற்றுப்போகும். மேலே பட்டை கண்ணாடி மாதிரி மின்ன, அதற்குப் பின்னால் மரம் மக்கிப்போன டிரெய்லர்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன, வாங்கியவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பட்டையின் நடுப்பள்ளத்தில் வினைல் நாடா ஓடினால், அதை உருவினதும் ஸ்க்ரூக்கள் தெரியும். துருப்பிடித்தவற்றுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். தலை உடைந்தால் துளை போட்டு எடுக்க வேண்டியதுதான். பட்டையை எடுக்கும்போது இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், ஒரு முனை தொங்கினால் நடுவில் மடங்கிவிடும், மடங்கிய கோடு பிறகு எந்த பாலிஷிலும் மறையாது. எடுத்த உடனே இடதா வலதா, எந்த முனை முன்பக்கம் என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடியில் தெரியும் மரத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பாலிஷை மூட்டை கட்டி வைத்துவிட்டு முதலில் மரவேலை.

மரம் உறுதியாக இருக்கிறதென்றால், பழைய புட்டியை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். பட்டை மங்கல் மட்டும்தான் என்றால் உப்புத்தாளே வேண்டாம், பாலிஷ் போதும். சின்னச் சின்னக் குழிகளும் கீறல்களும் இருந்தால் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்): 400 நம்பரில் ஆரம்பித்து 600, 800, 1000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைச் சற்று மாற்றுங்கள், அப்போதுதான் முந்தின தாளின் கோடுகள் முழுதாகப் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் 400இன் கோடு கடைசிவரை கூடவே வரும். ஆழமான குழிகளை விட்டுவிடுங்கள், அவற்றைத் துரத்திக்கொண்டு போனால் பட்டை மெலிந்து அலையலையாகிவிடும். அப்புறம் பஃப் வீலில் (சுழலும் துணிச் சக்கரம்) முதலில் ட்ரிபோலி என்ற பழுப்பு நிற பாலிஷ் கட்டி, பிறகு வேறு வீலில் வெள்ளை பாலிஷ் கட்டி.

மேசையில் பொருத்திய பஃப் வீலில் நீளமான பட்டையைப் பிடிக்கும்போது மிகவும் கவனமாக இருங்கள். ஓரம் மாட்டினால் வீல் அதைப் பிடுங்கி வீசும். அதனால் பட்டையை மேசையில் கிளாம்ப் போட்டுக் கட்டிவிட்டு, கையில் பிடிக்கும் மெஷினால் செய்வதுதான் நல்லது. முகத்தை மறைக்கும் கண்ணாடிக் கவசமும் தூசிக்கு மாஸ்க்கும் வேண்டும். இரும்பு சாணை பிடிக்கும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம், அலுமினியத்தூள் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

திரும்பப் பொருத்தும்போது பழைய புட்டிக்குப் பதிலாக அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் நாடா) வையுங்கள். சிலிகான் வேண்டவே வேண்டாம், பின்னால் கழற்ற நேர்ந்தால் அது விட்டுச்செல்லும் பிசுக்கின் மேல் எதுவும் ஒட்டாது. ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், வினைல் நாடாவும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து அம்மா, புளியும் உப்பும் போட்டுத் தேய் என்கிறார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர், சமையல் அடுப்புக்கான ஓவன் கிளீனர் அடித்தால் நிமிடத்தில் வெளுக்கும் என்கிறார். எதைக் கேட்பது?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அம்மா சொல்வதில் பாதியைக் கேளுங்கள். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், கறுத்த அலுமினியப் பாத்திரத்தில் அமெரிக்கர்கள் போட்டுக் கொதிக்க வைக்கும் கிரீம் ஆஃப் டார்டார் அதே அமிலத்தின் உப்புதான். கறையும் லேசான மங்கலும் போகும், பளபளப்பு வராது, ஏனென்றால் பளபளப்பு என்பது மேற்பரப்பு சமமாவதால் வருவது. ஆனால் சாப்பாட்டு உப்பைச் சேர்க்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி, அலுமினியத்தில் உப்பிலுள்ள குளோரைடு புள்ளி புள்ளியாகக் குழி விழ வைக்கும். புளி போட்டாலும் ஊற விடாமல் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ஓவன் கிளீனர் பக்கமே போகாதீர்கள். பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. ஆக்சைடைக் கரைத்துவிட்டு, அது நிற்காமல் உலோகத்தையும் தின்னும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், மேற்பரப்பு சொரசொரவென்று கறுத்துப்போகும். வாஷிங் சோடாவும் இதே வகைதான். அலுமினியப் பாத்திரத்தை டிஷ்வாஷரில் போட்டால் ஏன் கறுக்கிறது என்று பலர் கேட்பார்கள், அங்கேயும் காரணம் காரம்தான்.

கேள்வி: எங்களுடையது 1972 ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர், உடம்பே அலுமினியத் தகடு. பட்டைக்குச் சொன்ன மாதிரி உடம்பு முழுவதும் வாட்டர் பேப்பர் போடலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: கூடாது. மூலைப் பட்டை, சூடாக்கி இளக்கிய உலோகத்தை அச்சில் தள்ளி எடுத்தது, முழுக்க ஒரே உலோகக் கலவை, தேய்த்தால் அடியிலும் அதேதான் வரும். ஏர்ஸ்ட்ரீமின் உடம்பு அப்படி இல்லை. 1934இல் ஹாலி போலஸ் ரிவெட் அடித்த அலுமினிய டிரெய்லரைக் கொண்டுவந்தார், அவர் விமானம் கட்டியவர், விமானி லிண்ட்பர்க் அட்லான்டிக்கைக் கடந்த விமானம் உருவான பட்டறையை மேற்பார்த்தவர். அந்த வழியைத்தான் ஏர்ஸ்ட்ரீமை நிறுவிய வாலி பையம் (Wally Byam) தன் டிரெய்லர்களுக்கு எடுத்துக்கொண்டார், விமானத்துக்கான தகடும் கூடவே வந்தது. ஆல்க்ளாட் என்று அதற்குப் பெயர்: நடுவில் தாமிரம் கலந்த உறுதியான கலவை, இரண்டு பக்கமும் தூய அலுமினியம் மெல்லிய போர்வையாக. 0.8 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பக்கத்துப் போர்வை சுமார் 5 சதவீதம், அதாவது 0.04 மில்லிமீட்டர். அழகாக மின்னுவதும் அதுதான், அரிப்பைத் தடுப்பதும் அதுதான். உப்புத்தாள் போட்டு அதைத் தாண்டிவிட்டால் அந்த இடம் பக்கத்துத் தகட்டோடு ஒருபோதும் ஒத்துப்போகாது, அரிப்பும் அங்கே சீக்கிரம் தொடங்கும்.

உங்கள் வண்டியில் தொழிற்சாலையில் அடித்த தெளிவான பூச்சின் மிச்சம் உரிந்துகொண்டிருக்கும். ரிவெட்களையும் தகட்டு ஓரங்களையும் ஒட்டிப் புழு ஊர்ந்தது போன்ற மெல்லிய கோடுகள் தெரிகிறதா? பூச்சுக்கு அடியில் ஓடும் அரிப்பு அது. பெயின்ட் ரிமூவர் போட்டுப் பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு, கம்பளி பேட் மாட்டிய மெஷினில் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போடுங்கள், பிறகு மென்மையான துணியில் கடைசி பாலிஷ். ஆழமான கோடுகள் அப்படியே இருக்கட்டும். வெயிலில் சுட்ட தகட்டில் செய்யாதீர்கள், காம்பவுண்ட் காய்ந்து அப்பிக்கொள்ளும், அரிசோனாவில் காலை வேளைதான் சரி.

கேள்வி: பளபளப்பு நிற்க மேலே கிளியர் கோட் (தெளிவான பூச்சு) அடிக்கலாமா? குளிர்காலத்தில் இங்கே சாலையெல்லாம் உப்பு.
– வாசகி, டொராண்டோ

பதில்: நான் அடிக்கமாட்டேன். ஓரத்தில் ஒரு சின்ன இடம் உரிந்தாலும் ஈரம் அடியில் புகுந்து, மேலே சொன்ன புழுக்கோடு ஆரம்பிக்கும், அப்புறம் எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும். கார்னபா மெழுகு போடுங்கள், தேய்ந்தால் மறுபடி போடலாம். உப்புக் காலத்தில் வண்டியை வெளியே எடுக்காமல் இருந்தால் ரொம்ப நல்லது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் வந்த அன்றே அடிப்பகுதி உட்பட நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கேள்வி: ஸ்டீல் உல் (இரும்பு நார்) பயன்படுத்தலாமா?
– வாசகர், டல்லஸ்

பதில்: வேண்டாம். இரும்புத் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். வெண்கல உல் கிடைக்கும், அல்லது நைலான் ஸ்க்ரப் பேடில் மிக நைஸான ரகம் வாங்குங்கள்.