பழைய டி4 செயின் டிராக்டர்: ஆயில் மாற்றுவது பற்றிக் கேட்டவர்களுக்கு

என்னிடம் இருப்பது டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் கேட்டர்பில்லர் டி4 டிராக்டர், 7யூ வரிசை. 1947 முதல் 1959 வரை அமெரிக்காவில் செய்த வண்டி. நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதைக் கிளப்ப இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று தனியாக உண்டு. இதே வயதில் வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் பற்றிக் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

எட்டு வருடமாக மரத்தடியில் நின்ற வண்டியை வாங்கியிருக்கிறேன். ஆயில் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யலாமா? எஞ்சினைச் சூடாக்கித்தான் ஆயில் வடிக்க வேண்டும் என்கிறார்களே?

ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அது சரி. சூடான ஆயில் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். நின்று கிடந்த வண்டிக்கு அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் ஆயிலை விடக் கனம், இத்தனை வருடமும் அடியில் படிந்திருக்கும். எஞ்சின், கியர் பெட்டி, இரண்டு பக்க ஃபைனல் டிரைவ் (செயினைச் சுற்றவைக்கும் கடைசிப் பற்சக்கரப் பெட்டி), ஒவ்வொன்றின் டிரெயின் பிளக்கையும் (ஆயில் வடிக்கும் அடி மூடி) குளிர்ந்த நிலையிலேயே மெதுவாகத் தளர்த்துங்கள். முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று பாருங்கள். என் வண்டியின் இடது ஃபைனல் டிரைவில் முதலில் ஒரு டம்ளர் துருத் தண்ணீர் வந்தது, அதற்குப் பிறகுதான் ஆயில். ஆயில் அளவை மட்டும் பார்த்து நம்பியிருந்தால் அந்தத் தண்ணீரோடுதான் பற்சக்கரங்களைச் சுற்றவிட்டிருப்பேன்.

வடித்ததை உடனே கொட்டிவிட வேண்டாம். ஒவ்வொரு பெட்டியின் ஆயிலிலும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு இரவு வைத்து, அடியில் தண்ணீர் பிரிகிறதா என்று பாருங்கள். மிச்சம் இருப்பதில் ஒரு காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டினால் வயதான தேய்மானம், பயப்பட ஒன்றுமில்லை. செதில் செதிலாகவோ முனையுள்ள துண்டாகவோ வந்தால் பெட்டியைத் திறக்காமல் புது ஆயில் ஊற்றிப் பயனில்லை. மோரைப் போல வெளுத்திருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. அது எஞ்சின் ஆயிலாக இருந்தால் சிலிண்டர் மூடிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டையும், சிலிண்டரின் உள்ளுறையான லைனர் அடியில் உள்ள ரப்பர் வளையத்தையும் சந்தேகப்படுங்கள்.

பழைய எஞ்சினுக்கு 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றினால் உள்ளே படிந்த கசடெல்லாம் கிளம்பி எஞ்சின் போய்விடும் என்கிறார் மெக்கானிக்.

அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் குற்றம் ஆயிலுடையது அல்ல, அடியில் கிடக்கும் கசடுடையது. முடிந்தால் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றிச் சுரண்டிக் கழுவுங்கள், ஆயில் உறிஞ்சும் சல்லடையையும் சேர்த்து. ஃபில்டரை மாற்றும்போது அது உட்காரும் கூட்டின் அடியையும் துடையுங்கள், களி போலச் சேர்ந்திருக்கும். பிறகு 15டபிள்யூ-40 டீசல் எஞ்சின் ஆயில் தாராளமாக ஊற்றலாம். நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 30-உம் பொருந்தும். முதல் முறை ஊற்றியதைப் பத்துப் பதினைந்து மணி நேர ஓட்டத்திலேயே வடித்துவிடுங்கள். அந்தச் செலவில் கணக்குப் பார்க்காதீர்கள்.

கியர் பெட்டிக்கு ஜிஎல்-5 ரக கியர் ஆயில்தான் உயர்ந்த ரகம் என்று கடையில் கொடுத்தார்கள்.

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடியது, பழைய பெட்டிகளில் வெண்கலம் உண்டு. சாதாரண மினரல் கியர் ஆயில், 90 நம்பர், போதும்.

வலது ஸ்டியரிங் கிளட்ச் பெட்டியின் அடி பிளக்கைத் திறந்தேன். ஒரு சொட்டு ஆயில் கூட இல்லை! எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும், அண்ணா?

தம்பி, ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம்! திறந்ததும் கேட்டீர்களே, அது பெரிய புண்ணியம். லிவரை இழுத்தால் ஒரு பக்கச் செயினின் இழுவையைத் துண்டித்து வண்டியைத் திருப்புவது ஸ்டியரிங் கிளட்ச். இந்த வண்டியில் அது உலர்ந்துதான் இருக்க வேண்டும். ஆயில் பட்டால் தட்டுகள் வழுக்கி, அந்தப் பக்கச் செயினுக்கு இழுவை போய்விடும். அந்த பிளக் இருப்பதே உள்ளே கசிந்தது இறங்குவதற்குத்தான். உங்களுடையது காய்ந்திருந்தால் ஆயிலைத் தடுக்கும் சீல் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படுங்கள். பிற்காலத்து டோசர்கள் பலவற்றில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வந்தது. அந்தப் பழக்கத்தில் உங்களுக்கு யாராவது ஊற்றச் சொல்லியிருக்கலாம்.

மாறாகக் கறுப்பு ஆயில் வடிந்தால் நடுவில் உள்ள பெவல் கியர் பக்கத்துச் சீல் கசிகிறது என்று அர்த்தம். சீல் மாற்றும் வரை கிளட்சைக் கழுவித்தான் ஓட்ட வேண்டும். பிளக்கை மூடி, மேல் திறப்பு வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி, லிவர்களை இழுத்து விட்டு இழுத்து விட்டு வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டி, உடனே வடித்துக் காயவிடுங்கள். பெட்ரோல் கூடவே கூடாது. தீப்பற்றும்.

ஸ்டியரிங் லிவரை முழுதாக இழுத்தும் வண்டி நேராகவே போகிறது. இதுவும் ஆயில் கோளாறா?

இது நேர் எதிர். நின்று கிடந்ததில் தட்டுகள் துருவில் ஒட்டிக்கொண்டன. திறந்த வெளியில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், அந்த லிவரைப் பின்னால் இழுத்துக் கட்டி, முதல் கியரில் ஓட்டிக்கொண்டே அந்தப் பக்க பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். பல நேரம் சட்டென்று விட்டுக்கொடுக்கும். விடாவிட்டால் பிரிக்கத்தான் வேண்டும்.

ஸ்டார்ட்டிங் எஞ்சினில் ஆயில் அளவு தானாகவே ஏறுகிறது.

அது ஆயில் அல்ல, பெட்ரோல். டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் வழிந்து கீழே இறங்குகிறது. ஆயில் நீர்த்துவிட்டதால் அதோடு ஒரு நிமிடம் கூட ஓட்டாமல் வடித்து மாற்றுங்கள். இனி நிறுத்தும்போது டேங்க் குழாயை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக அணையட்டும்.

ஏர் கிளீனர் கிண்ணத்தில் எவ்வளவு ஆயில்?

கோடு வரை மட்டும். கூடுதலாக ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சி எரித்து, த்ராட்டிலுக்கு அடங்காமல் வேகம் எகிறும். புழுதி வேலையில் தினமும் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு கட்டியிருந்தால் கழுவி மாற்றுங்கள்.

ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் இத்தனை நாளும். மாற்ற வேண்டுமா?

உப்புத் தண்ணீர் என்றால் கட்டாயம். உள்ளே படியும் உப்புக்காரை சிலிண்டர் சூட்டை வெளியே விடாது. டீசல் எஞ்சினுக்கும் ஸ்டார்ட்டிங் எஞ்சினுக்கும் ஒரே தண்ணீர் சுற்றுவதால் பாதிப்பு இரண்டுக்கும். நன்றாக அலசிவிட்டு, வடிகட்டிய மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ எடுத்து, துருத் தடுப்பு உள்ள கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் செயின் பின்களில் ஊற்றினால் தேய்மானம் குறையும் என்று அப்பா செய்வார். தொடரலாமா?

வேண்டாம். அப்பா நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், பல ஊர்களில் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் நம்முடையது போன்ற அந்தக் காலத்து வண்டிகளின் பின்னும் புஷ்ஷும் உலர்ந்தே ஓடும்படி செய்தவை. ஆயில் பட்ட இடத்தில் மணல் ஒட்டி அரைக்கும் மாவாகிவிடும். கிரீஸ் வேண்டியது செயின் மேல் உருளும் அடி ரோலர்களுக்கும், செயின் சுற்றிவரும் முன் சக்கரமான ஐட்லருக்கும். கிரீஸ் நிப்பிள் உள்ள பழைய ரோலர் என்றால் வேலை நாளில் தினம் ஒரு முறை, புதுக் கிரீஸ் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். அந்தக் கிரீஸ்தான் மண்ணை வெளியே தள்ளுகிறது. வடித்த ஆயிலைக் கேனில் சேர்த்து, கழிவு ஆயில் எடுக்கும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். வயலில் கொட்டினால் மண் கெடும், கிணற்றுக்கும் இறங்கும்.