டி செல்கள் கூட்டுச் சேரும்போது: எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வரும் ஜி.வி.எச்.டி. பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (பாம்பன்): வணக்கம் சார். தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். அக்காவோட மஜ்ஜையைப் போட்டாங்க. எச்.எல்.ஏ. பத்துக்குப் பத்துப் பொருத்தம்னாங்க. இப்ப உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் செவந்து, வயித்தாலயும் போகுது. பொருத்தம் இருந்தும் ஏன்?

பதில்: ஜி.வி.எச்.டி. என்பது கொடையாளரின் எதிர்ப்புச் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் நோய். பத்துக்குப் பத்து என்பது எச்.எல்.ஏ. (செல்லின் மேல் 'இது நம் உடல்' என்று காட்டும் குறிப் புரதங்கள்) மரபணுக்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. அந்த எச்.எல்.ஏ. ஏந்திக் காட்டும் புரதத் துணுக்குகள் கூடப்பிறந்தவர்களிடமும் அங்கங்கே வேறுபடும். அக்கா தம்பிக்குக் கொடுக்கும்போது இன்னொன்றும் சேரும். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமின் புரதங்களை அக்காவின் டி செல்கள் (எதிர்ப்பு சக்திக்கான ஒரு வகை வெள்ளணு) தம் உடலில் பார்த்ததே இல்லை. பில்லிங்ஹாம் என்ற ஆய்வாளர் 1966-ல் இந்நோய்க்கு மூன்று நிபந்தனைகள் சொன்னார்: ஒட்டில் (பொருத்திய மஜ்ஜையில்) வேலை செய்யும் எதிர்ப்புச் செல்கள் இருக்க வேண்டும், பெறுபவரிடம் கொடுத்தவருக்கு அந்நியமான ஏதாவது இருக்க வேண்டும், பெறுபவரால் ஒட்டை விரட்ட முடியாமல் இருக்க வேண்டும். உங்கள் தம்பியிடம் மூன்றும் இருக்கின்றன.

கேள்வி (தொண்டி, எம்.எஸ்சி. மாணவி): டி செல் வகைகள் 'ஒத்துழைக்கின்றன' என்று பாடத்தில் வருகிறது சார். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: சுண்டெலியின் மண்ணீரலை நிறுத்துப் பார்த்துத்தான். இரண்டு தூய வம்சங்களைக் கலந்து பிறந்த குட்டிக்கு ஒரு பெற்றோர் வம்சத்தின் செல்களை ஊசியில் ஏற்றுவார்கள். பெற்றோரின் எல்லாக் குறிகளும் குட்டியிடம் இருப்பதால் அது அவற்றை விரட்டாது. ஏற்றிய செல்களோ மறு பெற்றோரின் குறியைப் பார்த்துத் தாக்கும், மண்ணீரல் வீங்கும். உடல் எடையோடு ஒப்பிட்டு, செல் ஏற்றாத குட்டியைவிட 1.3 மடங்கு அல்லது அதற்கு மேல் என்றால் வினை நடந்ததாகக் கணக்கு.

1970-72-ல் கேன்டர், அசோஃப்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் தைமஸ் (டி செல்கள் முதிரும் மார்புச் சுரப்பி) செல்களோடு கொஞ்சம் ரத்த அல்லது நிணநீர்க் கணுச் செல்களைக் கலந்து ஏற்றினார்கள். தனித்தனியே ஏற்றியபோது வந்த வீக்கங்களைக் கூட்டினால் கிடைப்பதைவிட, கலந்து ஏற்றியபோது வந்த வீக்கம் அதிகம். இரண்டுமே தைமஸ் வழி வந்தவை, ஆனால் ஒரே வகை அல்ல என்ற முடிவு அதிலிருந்து வந்தது. 1975-ல் கேன்டரும் பாய்ஸும் செல்லின் மேல் உள்ள எல்.ஒய். குறிகளை வைத்து உதவிச் செல்லையும் கொல்லும் செல்லையும் பிரித்துக் காட்டினார்கள்.

இன்றைய பெயரில் உதவிச் செல் சி.டி.4, கொல்லும் செல் சி.டி.8. கீமோவும் கதிர்வீச்சும் குடல் சுவரைப் புண்ணாக்கும். பாக்டீரியாப் பொருள்கள் கசிந்து, அந்நியப் பொருளை டி செல்களுக்கு ஏந்திக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களை உசுப்பும். அவற்றின் கிளாஸ் 2-ஐப் (எச்.எல்.ஏ.வில் கிளாஸ் 1, கிளாஸ் 2 என இரு வகை) பார்க்கும் சி.டி.4, டி செல்களைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-2-ஐச் சுரக்கும், சி.டி.40 என்ற மேற்பரப்புப் புரதம் வழியாக அதே டென்ட்ரிட்டிக் செல்லை இன்னும் முடுக்கும். முடுக்கிய செல்லிடம் பாடம் கற்ற சி.டி.8 பல்கிப் பெருகி, கிளாஸ் 1 உள்ள தோல், குடல், ஈரல் செல்களை பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற கொல்லும் புரதங்களைக் கொண்டு துளைக்கும்.

பரீட்சையில் "கூட்டு இல்லாமல் நோயே வராது" என்று மட்டும் எழுதிவிடாதே அம்மா. கிளாஸ் 2 மட்டும் வேறுபடும் எலி ஜோடியில் சி.டி.4 தனியாகவே கொல்லும். கிளாஸ் 1 மட்டும் வேறுபட்டால் சி.டி.8 தனியாகவே போதும்.

கேள்வி (மண்டபம்): அப்ப கரைவலை மாதிரி, ரெண்டு பக்கமும் ஆள் இழுத்தாத்தான் வலை கரைக்கு வருமா அண்ணே?

பதில்: பாதி சரி. இங்கே ஒரு பக்கத்து ஆள்தான் மறுபக்கத்துக்கு ஆள் சேர்ப்பதும். போதாததற்கு, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் மூன்றாவது கூட்டமும் உண்டு: ஃபாக்ஸ்-பி3 என்ற புரதம் உள்ள ஒழுங்குபடுத்தும் டி செல்கள். அவை குறைந்தால் நோய் முற்றும்.

கேள்வி (ராமநாதபுரம்): டி செல்லை மொத்தமா எடுத்துட்டுப் போட்டா?

பதில்: ஜி.வி.எச்.டி. குறையும். ஆனால் ஒட்டு பிடிக்காமல் போவது, வைரஸ் தொற்று, புற்றுநோய் திரும்புவது எல்லாம் கூடும்; மிச்சப் புற்றுச் செல்லை அழிப்பதும் அதே டி செல்கள்தான். அதனால்தான் பாதிப் பொருத்த மாற்றில் செல் ஏற்றிய 3, 4-ஆம் நாள்களில் கிலோவுக்கு 50 மி.கி. வீதம் சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து. அந்நியத்தைப் பார்த்து வேகமாகப் பெருகும் செல்கள் அதிகம் அடிவாங்கும். ஒழுங்குபடுத்தும் செல்கள் பெரும்பாலும் தப்பும். இடையில் காய்ச்சல் அடித்தாலும் ஸ்டீராய்டு தவிர்ப்பது, அந்தப் பெருக்கம் நின்று மருந்துக்கு இலக்கு இல்லாமல் போகக்கூடாது என்பதற்காக. தொற்றுக்கான மருந்து தனியாக ஓடும்.

கேள்வி (ராமேஸ்வரம்): டாக்ரோலிமஸ் அளவு ஒருவாட்டி கூட, ஒருவாட்டி குறைய வருது.

பதில்: டாக்ரோலிமஸ் டி செல்களை அடக்கும் மருந்து. முதலில் ரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். காலை மாத்திரைக்கு முன், முந்தைய வேளையிலிருந்து 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு எடுத்தால் அளவு பொய்யாக ஏறும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் சி.டி.4-இன் இன்டர்லூக்கின்-2 திரும்பவும் ஊறும். பூஞ்சை மருந்தான வோரிகோனசோல் அளவை ஏற்றும், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இறக்கும். பம்பளிமாஸ் பழம் வேண்டாம்.

கேள்வி (கீழக்கரை): அஸ்ஸலாமு அலைக்கும். ரத்தம் தேவைப்பட்டா சொந்தக்காரங்களே கொடுக்கலாமா? எங்க வீட்டுல சொந்தத்துக்குள்ளதான் கல்யாணம்.

பதில்: வஅலைக்கும் ஸலாம். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தை அப்படியே ஏற்றக் கூடாது. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் ஒரே எச்.எல்.ஏ. தொகுப்பு இரட்டையாக அமைந்தவர்கள் அதிகம். அப்படிப்பட்டவர் கொடுத்து, வாங்குபவரிடம் அந்தத் தொகுப்போடு வேறொன்றும் இருந்தால், வாங்குபவரின் உடல் வந்த செல்லை அந்நியமாகவே பார்க்காது. வந்த டி செல்களோ அந்த வேறொன்றைத் தாக்கும். 3 முதல் 30 நாளுக்குள் காய்ச்சல், தடிப்பு, வயிற்றுப்போக்கு. பிறகு எல்லா ரத்த அணுக்களும் ஒருசேரச் சரியும். மாற்றுக்குப் பிறகு வரும் ஜி.வி.எச்.டி.யில் மஜ்ஜை கொடையாளருடையது என்பதால் தாக்குதலுக்குத் தப்பும். இங்கே அது நோயாளியின் சொந்த மஜ்ஜை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள்.

தடுக்க வழி, பையின் நடுவில் 25 கிரே அளவுக்குக் கதிர்வீச்சு. வெள்ளணு வடிகட்டி மட்டும் போதாது. எல்லா பிளட் பேங்கிலும் இந்த இயந்திரம் இருக்காது, ஆகவே 'கதிர்வீச்சு செய்த ரத்தம் மட்டும்' என்று மாற்று சிகிச்சை செய்த இடத்தில் அட்டை எழுதி வாங்கிப் பையிலேயே வையுங்கள். கொடையாளரின் மஜ்ஜைப் பைக்கு மட்டும் கதிர்வீச்சு செய்யவே கூடாது.

கேள்வி (தேவிபட்டினம்): அம்மாவுக்கு மாற்று செஞ்சு ஊருக்கு வந்துட்டோம். பாசி எடுக்கக் கடலுக்குப் போகலாமான்னு கேக்குறாங்க.

பதில்: மருந்து ஓடும்வரை வேண்டாம். பாறையும் சிப்பியும் கீறிய காயத்தில் விப்ரியோ என்ற கடல் பாக்டீரியா புகுந்தால், எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் சில மணி நேரத்தில் பரவும். வெயிலே தோல் ஜி.வி.எச்.டி.யைக் கிளப்பும், முழுக்கை, தொப்பி. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்து பழகியவர் என்றால், ஸ்டீராய்டு கூட்டுவதற்கு முன் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்குப் பரிசோதனை அல்லது ஐவர்மெக்டின் (புழு மருந்து) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றாலே போனால் அளவு குறித்த மக்கில் பிடித்து எழுதுங்கள்: ஒரு நாளில் 500 மி.லி. தாண்டினால் அன்றைக்கே போன் செய்யுங்கள்.