அப்பாவுக்கு பிளாஸ்மா ஏற்ற வேண்டுமா?

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 62 வயது, 60 கிலோ எடை. கல்லீரல் சுருக்க நோய். வயிற்றில் கோர்த்த நீரை நாளை மறுநாள் ஊசி வழியாக எடுக்கப் போகிறார்கள். ரத்தக் கசிவு எங்கும் இல்லை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையில் 1.6 இருப்பதால் முதலில் நாலு பை பிளாஸ்மா (ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சும் திரவம்) ஏற்றினால் பயமில்லை என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நாகர்கோவிலில் ரத்த வங்கிக்கு அலையவா?"

அலைய வேண்டாம். ரத்தக் கசிவு இல்லாதவருக்கு, வயிற்று நீர் எடுப்பதற்காக மட்டும் பிளாஸ்மா தேவைப்படுவதில்லை.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களையும் அளவு மீறி உறையாமல் தடுக்கும் புரதங்களையும் கல்லீரல்தான் செய்கிறது. அது நலிந்தால் இரண்டுமே குறையும். ஐ.என்.ஆர். முதல் வகையை மட்டும்தான் காட்டும். அதனால் அந்த எண்ணை வைத்து அப்பாவுக்கு ரத்தம் கசியுமா என்று சொல்ல முடியாது. 1.6-ஐ பிளாஸ்மா பெரிதாக இறக்கவும் செய்யாது. கிலோவுக்கு 15 மில்லி என்ற வழக்கமான கணக்கில் அப்பாவுக்கு 900 மில்லி போகும். அவ்வளவு திரவம் ஏறினால் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடும், உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய்கள் வெடிக்கக்கூடும். மூச்சுத் திணறலும் வரலாம். கசிவைத் தடுக்கப் போய் கசிவை வரவழைப்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒருவேளை மருத்துவர் குறித்துக் கொடுத்தது அல்புமினோ (ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு புரதம்) என்று பாருங்கள். ஐந்து லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால் அது அவசியம். அது வேறு மருந்து.

சரி, பிளாஸ்மா யாருக்கு? உறைதல் புரதங்கள் தீர்ந்து, கண்முன்னே ரத்தம் போகிறவருக்கு. பிரசவத்திலோ விபத்திலோ பை பையாக ரத்தம் ஏற்றும்போது அதோடு சேர்த்தும் கொடுப்போம். தெம்புக்காகவோ சத்துக்காகவோ ஏற்றக் கூடாது. உங்கள் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரைக் கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் உறையாமல் போனாலும், முதலில் விஷமுறிவு மருந்துதான். இல்லாவிட்டால் ஏற்றுகிற பிளாஸ்மாவையும் விஷம் தின்றுவிடும்.

எப்போதாவது ஏற்ற நேர்ந்தால், குரூப் கணக்கு ரத்தத்துக்கு நேர் எதிர்: ஏபி குரூப் பிளாஸ்மா எல்லோருக்கும் சேரும். உறைந்த பையை 37 டிகிரி நீரில் உருக்கி, ஏற்றத் தொடங்கினால் நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அரிப்பு, குளிர் நடுக்கம், மூச்சு வாங்கல் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

நீர் எடுப்பதற்குள் அப்பாவுக்கு மலம் கருப்பாகப் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது முடிவு மாறலாம்.